ரஃப் காப்பி இல்லாத சுருக்கம்

“ரஃப் காப்பி எங்க?”

ஹாதியா தலையைக் குனிந்துகொண்டு நின்றாள்.

காயத்ரி டீச்சருக்குச் சுர்ரென்று ஏறியது. பொதுத்தேர்வுக்கு இன்னும் பதினெட்டு நாள்தான். சுருக்கி எழுதுவதில் என் பிள்ளைகள் ஒரு மார்க்கைக்கூட விட மாட்டார்கள் என்று தலைமையாசிரியரிடம் சவடாலாகச் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். ஸ்கூட்டர் மெக்கானிக் ஷெட்டில் கிடப்பதால் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்த எரிச்சல் வேறு.

கைடில் இருக்கும் பத்திகளையெல்லாம் பிள்ளைகள் கரைத்துக் குடித்துவிட்டார்கள் என்று இந்த முறை புதிதாக ஒரு வேலை கொடுத்திருந்தார். இந்த வாரம் கண்ணால் பார்த்த ஒரு சம்பவத்தைத் தொண்ணூறு சொல்லில் எழுத வேண்டும். அது ரஃப் காப்பி. அதில் வேண்டாததைப் பென்சிலால் அடித்துவிட்டு முப்பது சொல்லாக்க வேண்டும். அது ஃபேர் காப்பி. இரண்டும் இருந்தால்தான் மார்க்.

எல்லோரும் இரண்டையும் காட்டிவிட்டார்கள். வகுப்பில் முதலாவதாக வரும் ஹாதியாவிடம் ஃபேர் காப்பி மட்டும்தான் இருந்தது.

“எங்கியாவது பாத்து எழுதிக்கினு வந்துட்டியா?”

“இல்ல டீச்சர். நான் பாத்ததுதான். வேற எதுவும் எழுத வரல.”

அப்படியானால் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வாசி என்றார் டீச்சர். ஹாதியா மெதுவாக வாசித்தாள்.

“தலைப்பு, நிற்காத வண்டி. மழை பெய்த காலையில் சாலையோரம் நடந்து சென்ற ஒரு பெண்ணை ஸ்கூட்டர் ஒன்று இடித்துவிட்டு நிற்காமல் சென்றது. அவருக்குக் கால் எலும்பு முறிந்தது. உடன் வந்தவர் ஆட்டோவில் மருத்துவமனைக்குக் கொண்டு சென்றார்.”

வகுப்பே உச்சுக் கொட்டியது. டீச்சருக்குப் பாடத்தை விட்டு விலக நல்ல சாக்கு. ஒரு நிமிஷம் வண்டியை நிறுத்தினால் என்ன குறைந்துவிடும், இப்படிப்பட்டவர்கள் எல்லாம் சோறு தின்கிறார்களா வேறு எதையாவதா என்று பிடிபிடியென்று பிடித்தார்.

“அந்த ஆளு மட்டும் என் கையில கெடைக்கட்டும். பேரச் சொல்லி நாலு பேரு முன்னால நிறுத்திக் கேப்பேன்” என்று முடித்தார்.

ஹாதியா ஒரு முறை நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டாள்.

அப்போதுதான் டீச்சருக்கு உறைத்தது. வண்டி என்ன நிறம், என்ன நம்பர், ஓட்டியது யார், ஒன்றுமே இல்லையே.

“அதெல்லாம் சுருக்கத்துல வரக் கூடாதுன்னு நீங்கதான டீச்சர் சொன்னீங்க.”

சொன்னதுதான். ஆனால் ரஃப் காப்பியில் இருந்தாக வேண்டுமே. இது சத்தியமாகப் பார்த்து எழுதியதுதான் என்று டீச்சர் முடிவு கட்டிவிட்டார். பூஜ்யம் போட்டு, திங்கட்கிழமை அம்மாவை அழைத்து வரவில்லையென்றால் ஹால் டிக்கெட்டே கையில் கிடைக்காது என்றும் சொன்னார்.

ஹாதியா சட்டென்று நிமிர்ந்தாள். “அம்மாவால வர முடியாது டீச்சர்.”

“ஏன்? பொண்ணு படிப்ப வுட அப்பிடி இன்னா வேல?”

டீச்சர் கோபமாக நோட்டைப் புரட்டினார். ஃபேர் காப்பிக்கு முந்தைய பக்கத்தை உள்பக்கமாக மடித்து, மூன்று இடத்தில் ஸ்டேப்ளர் அடித்திருந்தது.

ஹாதியா பதறிப்போய்ப் பக்கத்தின் மேல் கை வைத்தாள். “வேணாம் டீச்சர். தப்பா எழுதிட்டேன். பூஜ்யமே போட்டுக்கங்க.”

இவ்வளவு கெஞ்சினால் யாருக்குத்தான் பிரிக்கத் தோன்றாது? நகத்தால் பின்னை நெம்பிப் பிரித்தார். ரஃப் காப்பி! ஒளித்து வைத்தது என்னவென்று வகுப்பே தெரிந்துகொள்ளட்டும் என்று உரக்க வாசித்தார்.

“வியாழக்கிழமை காலை சதுரங்கப்பட்டினம் சாலையில் நானும் என் அம்மாவும் பஸ்ஸுக்கு நடந்தோம்.”

‘என் அம்மா’ என்பதைப் பென்சிலால் அடித்து, மேலே ‘ஒரு பெண்’ என்று எழுதியிருந்தாள். டீச்சரின் குரல் இறங்கியது.

“மெரூன் கலர் ஸ்கூட்டர். பச்சை ரெயின்கோட். இடது பக்கக் கண்ணாடி அம்மாவின் மேல் பட்டு உடைந்தது. அம்மா பள்ளத்தில் விழுந்தார்.”

அதற்கு மேல் வாசிக்க முடியவில்லை. வியாழக்கிழமை, மழை, வருகைப்பதிவுக்கு ஐந்து நிமிஷம். வண்டியில் டக்கென்று ஏதோ பட்டுக் கண்ணாடி உடைந்தது. மரக்கிளையாக இருக்கும் என்று போய்விட்டார். திரும்பிப் பார்க்கலாமா என்று ஒரு கணம் தோன்றியதும், பார்க்காததும் இப்போது நன்றாகவே ஞாபகம் வந்தன.

கடைசி இரண்டு வரிகளில் கண் ஓடியது. அதில் ஒன்று: ‘மழைல அவங்களுக்குத் தெரிஞ்சிருக்காது, பாவம், யார்கிட்டயும் சொல்லாத என்று அம்மா சொன்னார்.’

முதல் பெஞ்சு ஜோயல் எழுந்தான். “வண்டி ஓட்னது யாருன்னு போட்டுக்கீதா டீச்சர்?”

“இல்ல” என்று ஹாதியா அவசரமாகக் குறுக்கிட்டாள். “மூஞ்சி தெரியல. மழ.”

வகுப்பு முழுவதும் டீச்சரையே பார்த்துக்கொண்டிருந்தது. ஹாதியா கண்ணாலேயே வேண்டாம் என்றாள். நோட்டை மூடிவிட்டால் போதும், கதை அதோடு முடிந்துவிடும்.

காயத்ரி டீச்சர் மேஜையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, தாள் கிழிகிற அளவுக்கு அழுத்தி அடித்திருந்த அந்த மற்ற வரியை எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வாசித்தார்.

“வண்டியில் போனது எங்கள் காயத்ரி டீச்சர்.”