முன்கூட்டியே கிழித்த தாள்

காலையில் தையல் கடையின் ஷட்டரைத் தூக்கியதும் கண்ணில் பட்டது. மூன்றாவது தாள்.

தினசரி காலண்டரில் கிழித்த தாள். இன்று எட்டாம் தேதி. தாளில் ஒன்பது.

"இன்னும் வராத நாளை எவன்டி கிழிப்பான்?" என்று கூட வந்த தங்கையிடம் கேட்டாள் தையல்காரி.

பின்பக்கம் பென்சிலில் '4' என்றும், அதன் கீழே '10.30' என்றும் இருந்தது. கோணல்மாணலான எழுத்து. கடைசிச் சுழியம் பாதி தாளுக்கு வெளியே போயிருந்தது.

முதல் தாளைக் குப்பையென்று கூட்டித் தள்ளினாள். இரண்டாவது வந்த அன்று காய்ச்சலில் படுத்தாள். ஐந்து மாதத்துக்கு முன் இதே கடைக்குள் நுழைந்து, கட்டிக்கொள்ள மாட்டேன் என்று சொன்ன குற்றத்துக்காக, இவளுடைய கத்திரிக்கோலையே இவள் தோளில் இறக்கியவன் சிறையில் இருக்கிறான். ஆனாலும் யாரோ இவளுக்கு நாள் குறிக்கிறார்கள்.

"எல்லாம் அவன் அம்மா வேலைக்கா," என்றாள் தங்கை. "இப்படி ஒண்ணைப் பெத்ததுக்கு வெக்கப்படாம, மிரட்ட வேற செய்யுது."

இருவரும் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனார்கள். அங்கே பதிவேடு எழுதும் ரைட்டர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நாலாம் நம்பர் கோர்ட்டும்மா இது. நாளைக்கு அவன் ஜாமீன் மனு வருது. தெரியாதா?"

"யாரும் சொல்லலையே சார்."

பதிவேட்டைப் புரட்டினார். "பாதிக்கப்பட்டவருக்குத் தகவல் சொல்லப்பட்டதுன்னு மூணு தடவை எழுதியிருக்கே."

"யாரு எழுதினது?"

எழுதியவர் பதிவேட்டை மெதுவாக மூடினார்.

"முதல் ரெண்டு வாய்தாவும் தள்ளிப்போச்சு. நாளைக்கு நேர்ல போய் ஆட்சேபணை சொல்லுங்க. அது உங்க உரிமை," என்றார், ஏதோ தானே பார்த்து வழங்குகிற மாதிரி.

வெளியே வந்ததும் தங்கை கையைப் பிடித்துக்கொண்டாள். "போகாதேக்கா. அங்கே வந்தா இருக்கு உனக்குன்னுதான் எழுதிப் போட்டிருக்காங்க."

பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் மறுநாள் தங்கையையும் இழுத்துக்கொண்டு போனாள்.

நாலாம் நம்பர் அறையின் முன்வரிசையில் அவன் அம்மா. மடியில் வீட்டுப் பத்திரம். மகனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட வந்திருக்கிறாள். வலது கை சால்வைக்குள் இருந்தது. அந்தக் கண்கள் தையல்காரி உள்ளே நுழைந்ததிலிருந்து அவளைவிட்டு நகரவில்லை. இமைத்ததாகக்கூடத் தெரியவில்லை.

"பார்த்தியா பார்வையை," என்று முணுமுணுத்தாள் தங்கை.

"பாதிக்கப்பட்டவர் தரப்பில் ஆட்சேபணை உண்டா?" நீதிபதி கேட்டார்.

தையல்காரி எழுந்தாள். தோள் விண்விண்ணென்று தெறித்தது.

"அவர் வெளியே வந்தா நான் கடையைத் திறக்க முடியாதுங்க ஐயா. திறந்தா, மூட உயிரோட இருக்க மாட்டேன்."

மனு தள்ளுபடியானது. கூண்டில் நின்றவன் திரும்பி முறைத்தான். இவளை அல்ல, அம்மாவை.

வராந்தாவில் அந்த அம்மா வழிமறித்தாள். தங்கை குறுக்கே பாய்ந்தாள்.

"இன்னும் என்ன வேணும் உங்களுக்கு? தாள் போட்டு மிரட்டினது போதாதா?"

அந்த அம்மா அக்கம்பக்கம் பார்த்துவிட்டு சால்வையை விலக்கினாள். வலது கையில் மூன்று விரல்கள் முறிந்து, கோணலாகக் கூடியிருந்தன.

"போன கேஸ்ல ஜாமீன் போட மாட்டேன்னேன். எப்படியோ வெளியே வந்து இதைப் பண்ணினான்," என்றாள், மற்றவர் காதில் விழாத குரலில். "வேண்டாம்னு சொல்ல என்னால முடியாது, உன்னால முடியும். அடுத்த தேதி தெரிஞ்சதும் தாளைக் கிழிச்சுப் போடறேன். தவறாம வந்துடும்மா."