ஐந்தாவது மெழுகுதிரி

ஐந்து மெழுகுதிரி வாங்கச் சொன்னார் அவள் புருஷன்.

வாங்கினாள். காசு கொடுத்த பிறகுதான் உறைத்தது. வீட்டில் செத்தது நாலு பேர்.

மாமனார். மாமியார். கொழுந்தன். அப்புறம் அவளுடைய தலைப்பிள்ளை, ஒன்பது நாள் மட்டும் இருந்தவன்.

ஐந்தாவது யாருக்கு என்று அவள் கேட்கவில்லை. கல்லறைத் தோட்டத்து வாசலில் மேசை போட்டுச் செத்தவர்கள் பெயரை எழுதிக்கொண்டிருந்த கோயில்பிள்ளை அவளைப் பார்த்ததும் தலை குனிந்துகொண்டார். அதிலேயே தெரிந்துவிட்டது.

ஜெனிட்டா.

மகள் வீட்டைவிட்டுப் போய் இரண்டு வருஷம். லேத்துப் பட்டறை இசக்கிமுத்துவை ரிஜிஸ்டர் ஆபீசில் கட்டிக்கொண்டாள். அன்றையிலிருந்து அவள் பெயரை வீட்டில் யாரும் சொல்லக் கூடாது. மருமகன் பெயரைச் சொன்னால் சோற்றுத் தட்டு பறக்கும். கோயில் பங்குப் பேரவையில் இருக்கிறவர் வீடு அல்லவா. மானம் பெரிது.

செத்துப் போனாள் என்று வாயால் சொன்னது போதாது என்று, இப்போது புருஷன் சீட்டிலும் எழுதிக் கொடுத்துவிட்டார்.

அந்தச் செத்துப் போனவள் இன்று மத்தியானம் போனில் நார்த்தங்காய் ஊறுகாய் கேட்டாள். ஏழாம் மாசம். வாய்க்கு ஒன்றும் பிடிக்கவில்லையாம்.

கல்லறைத் திருநாள் கூட்டம். பூவும் சாம்பிராணியுமாக அவரவர் குழியைச் சுற்றி நின்றார்கள். சாமியார் மைக்கில் பெயர் வாசித்தார். ஒவ்வொரு பெயருக்கும் ஊரே பதில் சொன்னது.

"இளைப்பாற்றி தாரும் ஆண்டவரே."

பெயர் வந்ததும் திரி ஏற்ற வேண்டும். மாமனாருக்கு ஏற்றினாள். மாமியாருக்கு. கொழுந்தனுக்கு.

சின்னக் குழியின் முன்னால் மண்டியிட்டு மகனுக்கு ஏற்றினாள். இருபத்தெட்டு வருஷமாக ஏற்றுகிறாள்.

அவள் புருஷன் அந்தக் குழியின் ஓரத்தைக் காலால் சுட்டிக் காட்டினார். ஐந்தாவதை அங்கே வைக்க வேண்டுமாம்.

"ஜெனிட்டா" என்றது மைக்.

சாமியார் ஊருக்குப் புதிது. அவரைச் சொல்லிக் குற்றமில்லை. ஊருக்குத் தெரியும். பதில் சொல்ல வாயெடுத்த ஊர் அவளைப் பார்த்தது.

செத்த பிள்ளைக்கும் இருக்கிற பிள்ளைக்கும் வித்தியாசம் தெரியாதவளா அவள்? ஒன்றைக் குழிக்குள் இறக்கிக் கொடுத்துவிட்டு, பால் கட்டிய மாரோடு வீட்டுக்குப் போனவள்.

எழுந்தாள்.

"எம் மவ சாவல சாமி. ஏழு மாசம் முழுகாம இருக்கா."

மைக் இல்லாமலே கடைசிக் குழிவரை கேட்டது.

"ஏட்டி, உக்காரு" என்று பல்லைக் கடித்தார் புருஷன்.

அவள் குனிந்தாள். உட்காரவில்லை. மகனுக்கு ஏற்றிய திரியிலிருந்து ஐந்தாவதைப் பற்றவைத்துக்கொண்டாள். முந்தானையை மறைப்பாகப் பிடித்தாள். நடந்தாள்.

கூட்டம் வழி விட்டது.

பின்னால் சாமியார் தொண்டையைச் செருமினார். காகிதம் புரளும் சத்தம். ஜெனிட்டாவுக்கு யாரும் இளைப்பாற்றி கேட்கவில்லை. அடுத்த பெயர் வந்தது. இருதயமேரி. போன மாசம் செத்த பக்கத்துத் தெருக்காரி, நல்ல மனுஷி. ஊர் பதில் சொன்னது. நடந்துகொண்டே அவளும் சொன்னாள்.

வாசலுக்கு வெளியே மாதா சிலை வைத்த கெபி. உயிரோடு இருக்கிறவர்களுக்குத் திரி ஏற்றுகிற இடம். பரீட்சைக்கு, விசாவுக்கு, கல்யாணத்துக்கு, பிரசவத்துக்கு.

அங்கே வைத்தாள். காற்றில் ஒருதரம் படுத்து எழுந்து நின்று எரிந்தது.

அழ வேண்டும் போல இருந்தது. பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

திரும்பி வந்து கோயில்பிள்ளையின் மேசை முன்னால் நின்றாள்.

"நாளைக் காலப் பூசைக்கு ஒரு கருத்து எழுதணும், தம்பி."

அவர் வேண்டுதல் சீட்டை எடுத்தார். ஜெனிட்டாவின் சுகப்பிரசவத்துக்காக என்று எழுதினார். வேண்டுவோர் என்று அச்சடித்திருந்த இடத்தில் வந்து பேனா நின்றது.

"தாய் பிரகாசி" என்றாள்.

எழுதினார். பக்கத்தில் இன்னொரு பெயருக்கு இடம் இருந்தது.

"அண்ணன் பேரையும் சேத்துக்கிடட்டுமா மைனி?" என்று மெல்லக் கேட்டார். அவள் புருஷனைச் சொன்னார். பாவம், நல்லதுக்குத்தான் கேட்டார்.

அவள் பேனாவை வாங்கிக்கொண்டாள். தானே எழுதினாள். எழுத்துக்கூட்டி, பெரிது பெரிதாக.

கணவர் இசக்கிமுத்து.

கோயில்பிள்ளை அதைப் படித்தார். மறுபடியும் படித்தார்.

"மைக்குல வாசிக்கணுமே, மைனி."

"சத்தமா வாசிங்க."

காலைப் பூசைக்கு அவள் புருஷன் வர மாட்டார். அந்த நேரத்தில் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, யார் யாருக்கு என்ன கருத்து என்று கேட்டுக்கொண்டே காப்பி குடிப்பார். கோபுரத்து ஒலிபெருக்கி அவர்கள் தெருவைப் பார்த்துத்தான் கட்டியிருக்கிறது. கட்டச் சொன்னதே அவர்தான்.

நாளைக்குக் காப்பியைக் கருத்து வாசிக்கிறதுக்கு முன்னாலேயே போட்டுக் கொடுத்துவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.