பழைய பேருந்தின் முன்னால்

ஆங்கில வகுப்பில் படிக்கும் ஒன்பது பேரும் ஊர் அருங்காட்சியகத்தைப் பார்க்க வந்திருக்கிறார்கள். கண்ணாடிக் கூரை வழியாக இறங்கும் காலை வெயில், கூடத்தின் நடுவே நிற்கும் பழைய சிவப்புப் பேருந்தின் மேல் விழுகிறது. ஆளுக்கொரு வாக்கியமாவது ஆங்கிலத்தில் பேச வேண்டும் என்பது ஆசிரியையின் கட்டளை. அவர்களில் ஒருத்தியான தையல்காரம்மா கயிற்றுத் தடுப்பைத் தாண்டிக் கையை நீட்டி, ஸ்டீயரிங்கில் தேய்ந்து வெளுத்த இடத்தைத் தொடுகிறாள். "தொடக்கூடாதுன்னு போர்டு போட்டிருக்கு அண்ணி," என்கிறாள் பக்கத்தில் நிற்கும் நாத்தனார். "எனக்கும்தான் இப்ப வாசிக்கத் தெரியுமே," என்கிறாள் இவள், கையை எடுக்காமல். நாத்தனார் சிரிக்கிறாள். ஆசிரியை அருகில் வந்து, சொல்லுங்கள் என்பதுபோல் தலையசைக்கிறாள். "மை ஹஸ்பண்ட் வாஸ் எ பஸ் டிரைவர்." ஆசிரியை கனிவாகத் திருத்துகிறாள்: "இஸ்." ஆறு மாதமாக வகுப்பில் இவள் கணவர் இருக்கிறார் என்றே சொல்லி வந்திருக்கிறாள். அவர் சொந்த ஊரில் வண்டி ஓட்டிக்கொண்டிருப்பதாகத்தான் ஆசிரியை நினைத்திருக்கிறாள். நாத்தனாரும் அதை ஒருநாளும் மறுத்ததில்லை. திருத்தியதை எப்போதும் அப்படியே திருப்பிச் சொல்லும் தையல்காரம்மா, இன்று தலையை ஆட்டி மறுக்கிறாள். "நோ டீச்சர். வாஸ்." ஆசிரியையின் கை மெல்ல வாயை மூடிக்கொள்கிறது. யாரும் கேட்காமலே நாத்தனார் ஓர் அடி முன்னால் வருகிறாள். "மை பிரதர்..." என்று ஆரம்பித்து, அடுத்த சொல்லுக்காக அண்ணியின் கையைப் பிடித்துக்கொள்கிறாள்.