கண்மறைப்பு

மணப்பெண் தர்சினிக்குக் கண் கலங்கிவிட்டது. கல்யாணக் காலையில் பெண்கள் அழுவது வழக்கம்தான். இவள் அழுதது குதிரைகளைப் பார்த்து.

“பாவமண்ணை. உதுகளின்ரை கண்ணுக்குப் பக்கத்திலை தோலை வைச்சு மறைச்சிருக்கிறியள். கழட்டிவிடுங்கோவன்.”

வண்டில்காரன் லெனாட்டுக்குத் தூக்கிவாரிப்போட்டது. “ஐயோ பிள்ளை, அது கண்மறைப்பு. கழட்டினா பின்னாலை சில்லு உருளுறது தெரிஞ்சு வெருண்டிடுங்கள். பிறகு லாயத்திலை போய்த்தான் நிக்குங்கள்.”

மீன்பிடி வள்ளத்தை விற்று வாங்கிய வண்டிலும் சோடி வெள்ளைக் குதிரைகளும். இதுதான் அவனுக்குக் கிடைத்த முதல் கல்யாணம். இதில் ஒரு பிசகு வந்தால் யாழ்ப்பாணத்தில் இனி ஒருத்தரும் கூப்பிடமாட்டார்கள்.

போதாக்குறைக்கு அவன் கொழும்புத்துறைக்காரன். பெண்ணின் தகப்பன் சோமசேகரத்துக்கு அந்த ஊர்ப் பெயரே ஆகாது. மூத்த மகள் உதயகலா அங்கே ஒரு மீன்பிடிக் குடும்பத்துப் பையனைக் கட்டி ஐந்து வருடமாகிறது. அவள் வாசலை மிதிக்கமாட்டேன் என்று கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்தவர், தங்கச்சியின் கல்யாணத்துக்கும் அவளுக்குச் சொல்லவில்லை. இந்த வண்டில்தான் வேண்டுமென்று தர்சினி ஒற்றைக்காலில் நின்றதால்தான் லெனாட்டையே அரியாலை வீட்டுக்குள் விட்டார்.

“கண் தெரிஞ்சா படம் எடுப்பா இருக்கும்,” என்று வீடியோக்காரன் வேறு ஒத்து ஊதினான்.

“பிள்ளை ஆசைப்படுறாள். கழட்டு,” என்றார் சோமசேகரம்.

“ஐயா, குதிரை வெருண்டா…”

“வண்டில் பிடிச்சது நானோ நீயோ? கழட்டு!”

லெனாட் முணுமுணுத்தபடி நான்கையும் அவிழ்த்தான். தர்சினி அவற்றை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, படத்துக்காகத் தனியே வண்டிலில் ஏறினாள்.

“கொஞ்சம் முன்னுக்கு விடுங்கோ அண்ணை,” என்றான் வீடியோக்காரன்.

சில்லு உருண்டது. இடப்பக்கக் குதிரை ஒருதரம் பின்னுக்குப் பார்த்தது. அவ்வளவுதான்! சோடியாய்ப் பூட்டியதில் ஒன்று பாய்ந்தால் மற்றது நிற்குமா? இரண்டும் பிய்த்துக்கொண்டு கிளம்பின.

“மாதாவே!” லெனாட் பின்னுக்குச் சாய்ந்து கடிவாள வாரை இழுத்தான், உள்ளங்கைத் தோல் உரிந்தது. நல்லூர் மண்டபத்துக்குத் திரும்பவேண்டிய சந்தியில் குதிரைகள் மற்றப் பக்கம் திரும்பின. ஞாயிற்றுக்கிழமை என்றபடியால் தெருவில் சனமில்லை, தப்பினான்.

“இறுக்கிப் பிடி பிள்ளை!” என்று கத்தினான். பின்னாலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. பெண் மயங்கிவிட்டாள் என்றே நினைத்தான்.

கொழும்புத்துறையில், லாயத்து வாசலில் வந்துதான் குதிரைகள் நின்றன. பக்கத்து வளவு உதயகலாவுடையது. அவள் பட்டுச்சேலை கட்டி, தலை நிறையப் பூ வைத்து, சின்ன மகளைக் கையில் பிடித்துக்கொண்டு ரோட்டில் நின்றாள். கல்யாணத்துக்குச் சொல்லாதவளுக்கு என்னத்துக்குப் பட்டு என்று லெனாட் யோசிப்பதற்குள், சோமசேகரத்தின் கார் பின்னால் வந்து நின்றது.

பதறிக்கொண்டு இறங்கிய மனிசன் அப்படியே நின்றுவிட்டார். அக்காவும் தங்கச்சியும் கட்டிப்பிடித்து அழுதுகொண்டிருந்தார்கள். சின்னது அவரை ஏற இறங்கப் பார்த்தது.

“அம்மா, உவர் ஆர்?”

பேத்தியை அவர் பார்ப்பது இதுதான் முதல் தடவை. முகூர்த்தம் முடிய இன்னும் நாற்பது நிமிடம் இருந்தது. வாசலை மிதிப்பதில்லை என்றுதான் சத்தியம். ரோட்டைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை.

“நேரம் போகுது. அவையளையும் ஏறச் சொல்லு,” என்றார் தர்சினியிடம், குதிரையின் முகத்தைப் பார்த்துக்கொண்டு.

லெனாட் தோல் உரிந்த கையோடு தர்சினிக்குக் கிட்ட வந்தான். “பிள்ளை, கோவிக்காதை. நான் அப்பவே சொன்னனான், வெருண்டா இஞ்சைதான் வருங்கள் எண்டு…”

தர்சினி கண்ணைத் துடைத்துக்கொண்டு, வண்டிலில் பத்திரமாக வைத்திருந்த தோல் துண்டுகளை எடுத்து நீட்டினாள்.

“தெரியுமண்ணை. இனிப் போட்டுவிடுங்கோ.”