மதிலுக்குள் ஒரு வீடு

கடகடவென்று தெருக்கல்லில் பெட்டிச் சக்கரங்கள் உருளும் சத்தம் கேட்டதும் சொலாஞ் ஓடிப்போய் ஜன்னலைத் திறந்தாள். ஜூலை வெயில் முகத்தில் அறைந்தது. கீழே வாய்க்கால் ஓரமாக, இடுப்பு உயரப் பெட்டியை இழுத்துக்கொண்டு வந்தவன் அவளுடைய ஒரே மகன் தியெரிதான்.

"பெட்டியோட வர்றான்" என்றாள், எதிர் ஜன்னலைப் பார்த்து.

எதிர்வீட்டு பியரெத் மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். பிரான்சின் அவிஞோன் ஊரில் ஜூலை பிறந்தால் இதுதான் வழக்கம். நாடகத் திருவிழாவுக்கு ஊர் பிதுங்கி வழியும். ஊரைச் சுற்றிய பழைய கோட்டை மதிலுக்குள் குடியிருப்பவர்கள் வீட்டை வெளியூர்க்காரர்களுக்கு மூன்று வாரம் வாடகைக்கு விட்டுவிட்டு, அக்கா வீடு தங்கை வீடு என்று கிளம்பிவிடுவார்கள்.

சொலாஞ் மட்டும் விட்டதில்லை. மகன் வந்தால் படுக்க இடம் வேண்டாமா?

மகன் வரத்தான் செய்தான், ஒன்பது வருஷமாக. நாடகக் குழுவுக்கு விளக்குப் போடுகிற வேலை. ஆனால் தங்குவதெல்லாம் மதிலுக்கு வெளியே, ரயில் நிலையத்துக்கு எதிரே இருந்த ஓட்டலில். அம்மாவுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். அதுவும் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி.

"நல்லாப் பாருடி. ஓட்டலுக்கு வழி தெரியாம இந்தப் பக்கம் வந்துட்டானோ என்னவோ" என்று பியரெத் சிரித்தாள்.

சொலாஞ்சுக்கு அன்றைக்குக் கோபமே வரவில்லை. எழுபத்து நாலு வயசில், அவன் ஒரு ராத்திரியாவது இந்த வீட்டில் படுத்து எழுந்திருக்க வேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு வேறு ஆசையும் இல்லை.

அவ்வளவு பெரிய பெட்டியை ஒற்றைக் கையில் வீசிக்கொண்டு மூன்று மாடி ஏறி வந்துவிட்டான் தியெரி. மூச்சுகூட வாங்கவில்லை. அப்படியே அப்பன் உடம்பு என்று அவளுக்குப் பெருமை தாங்கவில்லை.

கத்திரிக்காயும் தக்காளியும் அடுக்கி வேகவைத்திருந்ததை இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். கடிகாரத்தைப் பார்க்கவே இல்லை. முலாம்பழத்தைக் கீறி வைத்தபோது, ஊருக்குப் புதிதாக வருகிறவர்கள் எங்கே தங்கினால் நன்றாக இருக்கும் என்று கேட்டான். கூட வேலை பார்க்கிறவர்கள் விசாரிக்கிறார்களாம்.

இதைக் கேட்கத்தானே அவள் ஒன்பது வருஷமாகக் காத்திருந்தாள்.

"மதிலுக்கு வெளிய தங்குறவன் இந்த ஊருக்கு வந்ததாவே அர்த்தமில்ல. இந்த மாதிரி வீட்டுல தங்கணும். வாய்க்கால் தண்ணி சத்தத்துல தூக்கம் வரும். கண்ணு முழிச்சா மணிக்கூண்டு தெரியும்."

தியெரி கைபேசியில் எழுதிக்கொண்டான். அவள் விட்டுவிட்டால்தானே? பகலில் ஜன்னலைச் சாத்தி வைத்தால் வீடு பானைத் தண்ணி மாதிரி குளிர்ந்து கிடக்கும் என்றாள். மூலைக் கடையில் ஏழு மணிக்கு முதல் ரொட்டி வரும், ஏழரைக்குப் போனால் காலிக் கூடைதான் என்றாள். குளியலறைக் குழாயை இடது பக்கம் முழுக்கத் திருப்பினால்தான் வெந்நீர் வரும் என்றுகூடச் சொன்னாள். அவன் ஒன்றுவிடாமல் எழுதினான். பள்ளிக்கூடத்தில்கூட இவன் இப்படி எழுதியதில்லை என்று நினைத்து அவளுக்குச் சிரிப்பு வந்தது.

இங்கே எத்தனை பேர் படுக்கலாம் என்று கேட்டான். மருமகளையும் பேத்திகளையும் கூட்டி வரப்போகிறானோ?

"ஆறு பேர் தாராளமாப் படுக்கலாம்ப்பா. கூடத்துச் சோபாவை இழுத்துப் போட்டா இன்னும் ரெண்டு பேர்."

பிறகு அவன் அறை அறையாகப் படம் பிடித்தான். சொலாஞ் அவசரமாகத் தலையை வாரிக்கொண்டு, கஞ்சி போட்டுத் தேய்த்த வெள்ளை விரிப்பு விரித்த கட்டில் பக்கத்தில் போய் நின்றாள்.

"கொஞ்சம் தள்ளிக்கோம்மா. வெளிச்சம் விழட்டும்."

விளக்குக்காரன் அல்லவா, அவனுக்குத்தான் தெரியும் என்று தள்ளி நின்றாள். இன்னும் கொஞ்சம் என்றான். கதவுக்கு வெளியே வந்துவிட்டாள்.

காப்பி ஆறுவதற்குள் அவன் கைபேசி மூன்று தடவை சிணுங்கியது. பார்த்துவிட்டு நிமிர்ந்தான். சின்ன வயசில் பரிசு வாங்கி வந்தபோது இருந்த அதே முகம்.

"ஆறு பேர் வர்றாங்கம்மா. நாளைக்குக் காலையில."

அவள் விரல் விட்டு எண்ணினாள். மருமகள், இரண்டு பேத்திகள், இவன். மீதி இருவர் யார், சம்பந்தியும் சம்பந்தியம்மாவுமா என்று கேட்டாள். இன்னும் நாலு கத்திரிக்காய் வாங்க வேண்டும்.

பெல்ஜியத்திலிருந்து வரும் நாடகக்காரர்கள் என்றான் அவன். மூன்று வாரத்துக்கும் வீட்டை எடுத்துக்கொண்டுவிட்டார்களாம். அவள் சொன்னதை வரிக்கு வரி அப்படியே வாடகை விளம்பரமாகப் போட்டானாம்; வாய்க்கால் சத்தத்துக்கே மயங்கிவிட்டார்களாம். ஊரே விடும்போது இந்த வீடு மட்டும் வருஷா வருஷம் சும்மா கிடப்பானேன் என்றான்.

அவளுக்கு அந்த வெள்ளை விரிப்பு ஒன்றுதான் கண்ணில் பட்டது. நேற்று முழுக்க நின்று தேய்த்தது.

"அப்போ நீ எங்கப்பா படுப்பே?"

அவன் இப்போதுதான் முதல் தடவையாகக் கைக்கடிகாரத்தைப் பார்த்தான்.

"எனக்கு ஓட்டல் இருக்கும்மா. பெட்டி காலிதான், உன் துணிமணிக்குக் கொண்டாந்தேன். நீ எங்க போய்த் தங்குவே?"