இருபத்தெட்டு, இருபது, பன்னிரண்டு

கிளியனூர் நர்ஸ் ராஜாமணி டேப் வைத்து அளந்தபோதெல்லாம் கலைப்பிரியாவின் வயிறு வளர்ந்திருந்தது. திண்டிவனத்தில் எடுத்த ஸ்கேனில் மட்டும் குழந்தை சிறுத்துக்கொண்டே வந்தது. ஏழாம் மாதத்தில் இருபத்தெட்டு வார வளர்ச்சி இருந்தது. எட்டாம் மாதத்தில் இருபது வாரம்தான். இதயத்துடிப்பு சீராக இருந்தது.

"மிஷினு கோளாறா இருக்கும், வா," என்று கணவன் வல்லரசு விழுப்புரத்துக்கு அழைத்துப்போனான். அங்கே பன்னிரண்டு வாரம் என்றார்கள்.

ஒன்பதாம் மாதம் விழுப்புரம் டாக்டர் ஸ்கேன் கருவியை வயிறெங்கும் நகர்த்திப் பார்த்தார்.

"உள்ள ஒண்ணுமே இல்லம்மா."

"ஒதச்சிக்கினே இருக்குதுங்க மேடம்," என்றாள் கலைப்பிரியா.

வளைகாப்பு வளையல் சத்தத்துக்குத் தினமும் அசைகிற பிள்ளை. கையைக் குலுக்கினாள்.

டாக்டர் பிடித்திருந்த கருவியை உள்ளிருந்து ஓர் உதை தள்ளியது. இருவரும் திரையைப் பார்த்தார்கள். அங்கே எதுவும் அசையவில்லை.