விழாத குட்டிகள்

உறைந்த ஏரியில் நரிக்குட்டிகளுக்கு ஐஸ் ஹாக்கி கற்றுக்கொடுத்தது ஒரு பனிக்கரடி. யாரும் விழக்கூடாது என்பதுதான் அதன் ஒரே சட்டம். வேகமாகச் சறுக்கப் பார்த்த செவலை என்ற குட்டியை, "விழுந்து என் பேரைக் கெடுக்கவா?" என்று அதட்டி ஓரத்தில் உட்காரவைத்தது. செவலையும் மற்றவர்களைப் போல மட்டையை ஊன்றி மெல்ல நகரப் பழகிக்கொண்டது.

ஏரி யாருக்கு என்று தீர்மானிக்க நீர்நாய்க்குட்டிகளோடு போட்டி வந்தது. அவை பாய்ந்தன, குப்புற விழுந்தன, எழுந்து மறுபடி பாய்ந்தன. அவை அடித்த வட்டு தன்னைத் தாண்டித் தங்கள் வலைக்குள் போவதைச் செவலை நின்றபடியே பார்த்தது. அதன் கால்கள் துடித்தன.

"ஐயா, நானும் வேகமாப் போகட்டுமா?"

"எதுக்கு? அதுங்க எத்தனை தடவை விழுதுங்க, பார். ஒழுங்கான பயிற்சியே இல்லை," என்றது கரடி.

ஏரி பறிபோனது. செவலையின் அம்மா விறுவிறுவென்று கரடியிடம் வந்தாள். நறுக்கென்று நாலு கேள்வி கேட்கப் போகிறாள் என்று செவலை நிமிர்ந்து பார்த்தது.

"என் பிள்ளை ஒரு தடவைகூட விழலை, ஐயா," என்று அவள் கும்பிட்டாள். "இவ தம்பியையும் உங்ககிட்டயே சேர்த்துடறேன்."

"தாராளமா," என்றது கரடி.

எந்த ஏரியில் என்று அவளும் கேட்கவில்லை, கரடியும் சொல்லவில்லை.